வரிசையில் ஏழாவது சீட்டு

மேஜையில் ஆறு சீட்டுகள்தான் இருந்தன. ஏழாவது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மணி பன்னிரண்டு நாற்பது.

ஒன்று பத்துக்கு என் மகளின் நீச்சல் வகுப்பு முடியும். ஒன்றரைக்குள் நான் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அவளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பதினோரு சனிக்கிழமைகள் ஒழுங்காகப் போட்டாகிவிட்டது, இன்று பன்னிரண்டாவது. இன்றும் நேரத்துக்குப் போய்விட்டால் இனி சனிக்கிழமை இரவுகளில் அவள் என்னோடு தங்கலாம். இது நாத்தனாரோடு போட்ட ஒப்பந்தம். விவாகரத்துக்குப் பிறகு மகள் அவள் அப்பாவோடும் அத்தையோடும்தான் இருக்கிறாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அந்த வீட்டில் முடிவெடுப்பது நாத்தனார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன வருடம் ஒரு சனிக்கிழமை, மகளைக் கூப்பிடப் போகிற வழியில், கடையில், படம் போட்ட குறி சொல்லும் சீட்டுகள் கொண்ட ஒரு புது டாரட் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஐந்து நிமிடம் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. மகள் ஈரத் தலையோடு குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. அவள் அழக்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கவனக் குறைபாடு என்றார் டாக்டர். என் அம்மா முப்பது வருடமாக அதற்குப் பொறுப்பில்லாத்தனம் என்று பெயர் வைத்திருந்தாள். டாக்டர் வைத்த பெயர் கொஞ்சம் மரியாதையாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஏதாவது ஒண்ணே ஒண்ண எடுத்துக்கிட்டு விடாம பிடிங்க. எதுவா இருந்தாலும் சரி" என்றார்.

என்னிடம் அப்போது இருபத்தேழு டாரட் கட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் வாங்கிய வாரம் உயிர், அடுத்த வாரம் குப்பை. இருபத்தாறைப் பெட்டியில் போட்டுக் கட்டிக் கீழ்வீட்டு டெய்லர் அக்காவிடம் கொடுத்தேன். "நான் அழுதாக்கூடத் தராதீங்க" என்றேன். "நீ அழு, எனக்கென்ன" என்று தையல் மிஷினுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். இருப்பதிலேயே பழசு, ஓரமெல்லாம் நைந்தது.

நான் குறி சொல்கிறவள் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் பின்கட்டில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். அங்கே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தட்டு. ஒரு தட்டு முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. அந்த யோசனையில்தான் சீட்டுகளை வேலைக்கு வைத்தேன். கிளம்புவதற்கு முன் அவற்றை மேஜையில் வரிசையாக வைப்பேன். சூரியன் என்றால் மாத்திரை. இடி விழுந்து எரிகிற கோபுரம் என்றால் கேஸ் அடுப்பு. விளக்கு பிடித்த துறவி என்றால் மின்விளக்கும் ஃபேனும். இப்படி ஆறு. ஒரு வேலை முடிந்தால் ஒரு சீட்டைக் கவிழ்ப்பேன். சனிக்கிழமை மட்டும் ஏழாவது உண்டு, தேர். கதவைப் பூட்டிவிட்டு மகளிடம் போ என்று அதற்கு அர்த்தம். அதைக் கவிழ்க்காமல் கையோடு எடுத்துப் போய் மகளிடம் காட்டுவேன், திரும்பி வந்து சீட்டுக்கட்டோடு சேர்ப்பேன்.

புதுப் படம் என்றால் என் கண் அதிலேயே உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கட்டின் படங்கள் எனக்கு எப்போதோ அலுத்துவிட்டன. அலுத்துப்போன படங்கள்தான் என்னை வாசலுக்கு அனுப்பின. இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இப்போது தேரைக் காணோம். சீட்டு இல்லாவிட்டால் என்ன, கிளம்பித் தொலை என்று புத்தி சொன்னது. கை கேட்கவில்லை. தலையணை உறை, துணிக்கூடை, குளிர்சாதனப் பெட்டி வரை தேடினேன். மேஜையில் இருந்த ஆறையும் கலைத்துவிட்டேன். அலமாரியில் துண்டுகளுக்குப் பின்னால் கையை விட்டபோது சில்லென்று ஒரு பெட்டி தட்டுப்பட்டது. மேலுறை பிரிக்காத புதுக் கட்டு. இருபத்தெட்டாவது. வாங்கியதையே மறந்திருக்கிறேன், பாருங்கள் என் லட்சணத்தை.

அதிலும் தேர் இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று உறையைக் கிழித்தேன். முதல் சீட்டிலேயே ஆழமான நீலம், ஓரத்தில் தங்கக் கோடு. இரண்டாவதில் ஒரு பெண்ணின் கூந்தல் முழுக்க மீன்கள். கட்டிலில் உட்கார்ந்தேன். மீன்களை எண்ணினேன். அடுத்ததில் பறவைகள்.

அடுத்த சீட்டுக்காகக் கையை நீட்டியபோது தேடும்போது கட்டிலில் போட்டிருந்த பழைய சீட்டுக்கட்டின் நைந்த ஓரம் விரலில் பட்டது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று எட்டு.

பையைப் பிடுங்கிக்கொண்டு படிகளில் இறங்கினேன். இறங்கினேன் என்பது பொய், உருண்டேன். பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் ஒரு கிழவர் நிதானமாக ஏறினார். அவரைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாமா என்றிருந்தது. பஸ் கிளம்பியது. ஒன்று பதினாறு.

அப்போதுதான் அது தோன்றியது. அடுப்பை அணைத்தேனா?

காலையில் வெந்நீர் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அணைத்தது ஞாபகம் இல்லை. கோபுரத்தைக் கவிழ்த்தேனா என்று யோசித்தேன். கவிழ்த்திருந்தாலும் தேடுகிற வேகத்தில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டேனே. திரும்பிப் போனால் பன்னிரண்டாவது சனிக்கிழமை போச்சு. போகாவிட்டால் கீழே டெய்லர் அக்கா இருக்கிறாள், அவள் கடை முழுக்கத் துணி. சிக்னலில் பஸ் நின்றது. இறங்குவதற்காக எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

டெய்லர் அக்காவுக்குப் போன் செய்தேன். என் வீட்டின் இன்னொரு சாவி அவளிடம்தான் இருக்கிறது. "அக்கா, கேஸ் ஆஃப் பண்ணேனான்னு தெரியலக்கா. கொஞ்சம் மேல போய்ப் பாருங்களேன்."

"அந்தச் சீட்டெல்லாம் வெச்சுமா?"

"திட்டறத அப்புறம் திட்டுங்கக்கா, முதல்ல போங்க!"

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். நீச்சல் குளத்தின் வரவேற்பறையில் குளோரின் நெடி. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று முப்பத்து நான்கு. நாத்தனார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதிவேடு திறந்திருந்தது. மகள் பெயருக்கு எதிரே கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"நாலு நிமிஷம்" என்றார் நாத்தனார்.

"ஆமா அண்ணி."

"நான் ஒன்றரைக்கே கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். உன் பொண்ணு உடை மாத்துற அறைய விட்டு வர மாட்டேங்கிறா. தலை காயலையாம். இருபது நிமிஷமா காய வைக்கிறா."

என் போன் அடித்தது. டெய்லர் அக்காவின் குரல் எப்போதுமே ஒலிபெருக்கிதான். "அடுப்பு அணைஞ்சுதான்டி இருக்கு! ஆனா கதவ ஆன்னு திறந்து போட்டுட்டுப் போயிருக்கியே!"

நாத்தனாருக்குக் கேட்டிருக்கும். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் பேனாவை நீட்டினார். நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்றரை என்று எழுதியிருக்கலாம். வரவேற்பறைப் பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1.34 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் நான்கு ஒன்பது மாதிரி விழுந்தது. அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.

நாத்தனார் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பன்னெண்டுன்னு பேசினோம். இது கணக்குல வராது" என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன். "பதினொண்ணு அப்படியே இருக்கட்டும். முதல்ல இருந்து எண்ண வேணாம். அடுத்த வாரம் வா. கதவப் பூட்டிட்டு வா."

அப்போது மகள் அறைக் கதவை ஒரு கோடு அளவுக்குத் திறந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். தலை எப்போதோ காய்ந்து பறந்துகொண்டிருந்தது. நீச்சல் பையைத் திறந்து, துண்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தாள். தேர். ஈரத்தில் ஊறிக் காய்ந்து வளைந்திருந்தது. போன வாரம் அவள் துண்டை மடித்து வைக்கும்போது அதோடு சேர்த்து நானேதான் உள்ளே வைத்திருக்கிறேன்.

"வீட்டுக்குப் போய்த்தான்மா பாத்தேன். உனக்குப் போன் பண்ணணும்னு கேட்டேன். ஒரு சீட்டுக்கெல்லாம் போனான்னு அத்தை சொல்லிட்டாங்க." நாத்தனார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இது இல்லாம எப்படிம்மா வந்த?"

ஒரு வாரம் முழுக்க இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள்.

"லேட்டாத்தான் வந்தேன்" என்றேன்.

"பரவால்ல" என்றாள். வளைந்த சீட்டை என் சட்டைப் பையில் போட்டு, பொத்தானை அவளே மாட்டிவிட்டாள்.