அணைச்சாச்சுங்க

"கேஸ அணைச்சீங்களா?"

"அணைச்சாச்சு."

"ரூம் லைட்டு?"

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு. நட நீ."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குழந்தைவேல் சொல்லும் பதில் இது. ஒரு நாளும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதில்லை. பாதி நாள் அவன் மனைவி மலர்விழியே மறுபடி உள்ளே போய் அடுப்பின் குமிழைத் திருகிவிட்டு வருவாள். "உங்க வாய ஃபயர் சர்வீஸ்ல சேத்துவுடணும். தண்ணியே வேணாம், எல்லாம் அணைஞ்சிடும்" என்பாள். அவனும் சிரிப்பான்.

வீட்டோடு நின்றிருந்தால் அது சிரிப்பாகவே போயிருக்கும்.

குழந்தைவேல் மேஸ்திரியாக இருந்தது ஒரு கரிக் கிடங்கில். நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி வடலூர் ரோட்டில், செங்கல் சூளைகளுக்குக் கரி அனுப்பும் சின்னதுரையின் சொந்தக் கிடங்கு. பழுப்பு நிலக்கரிக்கு யாரும் நெருப்பு வைக்க வேண்டியதில்லை. குவித்துப் போட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் புகையும். மேலே தண்ணீர் அடித்தால் புகை நின்றுவிடும், நெருப்பு நிற்காது.

அதனால் கிடங்கில் ஒரு முறை உண்டு. ஒருவர் தண்ணீர் அடிக்க வேண்டும். இன்னொருவர் ஆளுயர இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் சொருகி, நூறு எண்ணி, உருவி, நுனியை உள்ளங்கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடிக்க முடிந்தால் அணைந்தது. முடியாவிட்டால் தோண்டிப் பரப்பி மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கம்பி. அணைத்தவர், கம்பி பார்த்தவர், இரண்டு பெயரும் நோட்டில் ஏற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்றாவது குவியல் புகைந்தது. குழந்தைவேல் ஹோஸைப் பிடித்தான். பத்தே நிமிடம். புகை நின்றது.

"கம்பி போட்டுடட்டாண்ணே?" என்றான் நிலவன். முப்பது வயது, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். குழந்தைவேலே முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்ட ஆள்.

"ஒண்ணும் வேணாம். அதான் அணைஞ்சிடுச்சே. மச்சான் பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தம். ஒங்க அண்ணி போன்ல கத்திகினு கெடக்கறா."

"இங்க நின்னாலே சூடு அடிக்குதுண்ணே."

"கரின்னா சூடு அடிக்காம, ஐஸ் காத்தா வரும்? கெளம்புடா."

நிலவன் கிளம்பினான். குழந்தைவேல் முதலாளிக்குப் போன் போட்டு, "அணைச்சாச்சுங்க" என்றான். நோட்டை விரித்து, கம்பி பார்த்தவர் என்ற கட்டத்தில் நிலவன் பெயரை எழுதினான். ஒருவர் பெயரை ஒருவர் எழுதிப் போடுவது அங்கே வழக்கம்தான்.

மறுநாள் காலை ஏழரை மணி. ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற நேரம்.

மூன்றாவது குவியல் பிளந்துகொண்டு எரிந்தது.

காற்று தெற்கே அடித்தது. தெற்கே, கிடங்கு மதிலை ஒட்டி, வீரம்மாளின் டீக்கடை. கீற்றுக் கூரை. தணல் ஒன்று விழுந்தது. அவ்வளவுதான்.

குழந்தைவேல் அப்போதுதான் வண்டியை நிறுத்தினான். யோசிக்கவேயில்லை. எரிகிற கூரைக்கு அடியில் புகுந்து, வீரம்மாளை வெளியே தள்ளி, சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தான். வலது கை முழங்கை வரை பொசுங்கிவிட்டது. பஸ்ஸை நிறுத்தி இறங்கியவர்கள் கை தட்டினார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டுப் போனபோது, கடை இருந்த இடத்தில் நான்கு கரிக்கட்டை மூங்கிலும் ஒரு பாய்லரும் நின்றன.

"இந்த அண்ணன் இல்லன்னா இந்நேரம் நான் பொணம்" என்று வீரம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவனை உட்காரவைத்து, தன் பருத்தித் துண்டை நனைத்துக் கிழித்து அவன் கையைச் சுற்றினாள். "ஆடாதண்ணே. எரியுதா?"

எரிந்தது. கை மட்டும் இல்லை.

சின்னதுரை காரிலிருந்து இறங்கினார். கதவைக்கூடச் சாத்தவில்லை. "நோட்ட எடு! கம்பி பாத்தது எவன்?" அவரே புரட்டி, அவரே படித்தார். "நிலவன்!"

நிலவன் குழந்தைவேலைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை.

"எத்தினி தடவ சொன்னேன், இவனுங்களச் சேத்தா இப்பிடித்தான்னு! பாக்காமலே பாத்தேன்னு பேர் எழுதியிருக்கான். வெளிய போடா!"

'இவனுங்க' என்றால் யார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வீரம்மாளும் நிலவனின் தெருதான். துண்டைச் சுற்றிய அவள் விரல் ஒரு கணம் நின்றது. ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது. "ஏன்டா நிலவா, ஒரு கம்பி சொருவிப் பாக்க முடியல ஒனக்கு? எம் பொழப்பு போச்சேடா!"

நிலவன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தான்.

இப்போது சொல்ல வேண்டும். குழந்தைவேலுக்குத் தெரியும். ரெண்டு நாள் போவட்டும், மொதலாளி கோவம் அணைஞ்சிடும், அப்புறமா மெதுவாச் சொல்லி இவனத் திருப்பிச் சேத்துடலாம். மனசுக்குள் இப்படி ஓடியது. இதையும் பார்க்காமல்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நிலவன் கேட்டைத் தொட்டுவிட்டான்.

படம் பிடித்தவனுக்குத் தீயணைப்பு வண்டி கணக்கிலேயே இல்லை; போனைக் குழந்தைவேலின் முகத்துக்கு நேரே நீட்டினான். "அண்ணே, ஒரு வார்த்த பேசுங்கண்ணே. ஒத்த ஆளா எப்பிடிண்ணே அணைச்சீங்க?"

குழந்தைவேல் வாயைத் திறந்தான்.

"அணைக்கல."

"இன்னாண்ணே?"

"நான் அணைக்கல. நேத்தே அணைக்கல. புகை நின்னதும் அணைச்சாச்சுன்னு போன் போட்டேன். கம்பி போடட்டான்னு அவன் கேட்டான். நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன். அவன் பேர எழுதினதும் நான்தான்."

கைதட்டிய கூட்டம் அப்படியே நின்றது. சின்னதுரை நோட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நிலவா, நீ உள்ள வா" என்றார், குரல் இறங்கி.

நிலவன் திரும்பி வந்தான். குழந்தைவேல் பக்கத்தில் வந்து நின்றான்.

"பேர எழுதுனியே, அது பரவால்லண்ணே. எல்லாரும் எழுதறதுதான்" என்றான். சத்தமில்லாத குரல். "கேட்டு வரைக்கும் நடக்க வுட்டியே."

நேராகப் போய், எரிந்து விழுந்த கூரைச் சாம்பலுக்கு அடியில் உடையாமல் கிடந்த டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

வீரம்மாள் முடிச்சுப் போடப்போன துணியைக் கீழே விட்டாள். எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, அவளும் நிலவன் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

பாதி சுற்றிய ஈரத்துணி அவிழ்ந்து, குழந்தைவேலின் முழங்கையிலிருந்து தரை வரை தொங்கியது. எதிரே போன் இன்னும் தாழவில்லை. முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தான். பொசுங்கிய கை அவ்வளவு உயரம் எழவில்லை.