நாலு புள்ளி, நாலு அம்பு

முனைவர் வெங்கடலட்சுமி என்று யாராவது கூப்பிட்டால் எனக்குக் குமட்டுகிறது. தொண்ணூற்றாறில் வாங்கிய பட்டம். வாங்கிய லட்சணம் அப்படி.

என் ஆய்வேட்டுக்கு உயிரே ஒரு தேற்றம்தான். சில புள்ளிகளை அம்புகளால் இணையுங்கள். மூன்றே அம்பில் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் முக்கோணம் எங்கும் இருக்கக் கூடாது. அந்தப் படத்தை மேட்ரிக்ஸ் அணியாக எழுதி, அம்பு உள்ள இடத்தில் ஏதாவது ஓர் எண்ணையும், மூலைவிட்டத்தில் ஒன்றுகளையும், மற்ற இடத்தில் பூச்சியத்தையும் போட்டால், ரேங்க் என்கிற அதன் தரம் புள்ளிகளின் எண்ணிக்கையை விடக் குறையவே குறையாது என்பது தேற்றம். நிரூபணத்துக்கு வழி சொன்னவர் என் நெறியாளர் ரங்கராஜ். ஊர்க் கபடிப் போட்டிக்கெல்லாம் அட்டவணை போடுகிறவர் அவர். எல்லா டீமும் எல்லா டீமோடும் மோதும். ஜெயித்தவரிடமிருந்து தோற்றவருக்கு அம்பு. அதை மனதில் வைத்தே நிரூபித்தார். நானும் மண்டையை ஆட்டி எழுதினேன்.

வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு முந்தின நாள் காலை, சும்மா நாலு புள்ளி போட்டேன். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஒன்று. எதிரெதிர்ப் புள்ளிகளுக்கு இடையே அம்பே கிடையாது. முக்கோணமும் இல்லை. அம்புக்கெல்லாம் மைனஸ் ஒன்று போட்டு நாலு வரிசையையும் கூட்டினால் பூச்சியம். தரம் நான்கு இல்லை, மூன்றுதான். எல்லாரும் எல்லாரோடும் மோதியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? கபடியில்தான் அப்படி. என் தேற்றம் செத்துப்போயிருந்தது.

துடியலூரில் அவர் வீட்டுக்கு ஓடினேன். தாளை ஒரு நிமிடம் பார்த்தார்.

"அட, ஆமாங்க அம்மணி," என்றார். தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "இதையெல்லாம் ஆரு பாக்கப் போறாங்க? பரீட்சகர் வந்துபோட்டு ரெண்டு மணி ரயிலுக்குப் போகோணும். ஈரோட்டுக் காலேஜ் வேலை வேணுமா, வேண்டாங்களா? மத்தியானச் சாப்பாட்டுக்கு மைசூர்பா சொல்லியாச்சுங்களா?"

த்தூ என்றிருக்க வேண்டும்.

"சொல்லியாச்சுங்க சார்," என்றேன்.

பரீட்சகர் பக்கங்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பைண்டிங் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். "ஆருக்காச்சும் கேள்வி இருக்குதுங்களா?" என்றார் ரங்கராஜ். மடித்த தாள் என் பைக்குள்ளேயே கிடந்தது. போத்தனூர்ப் பள்ளி ஆசிரியர் ரூபன், வேலை பார்த்துக்கொண்டே ரங்கராஜிடம் ஆய்வில் சேர்ந்தவர், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். பலமாகக் கைதட்டியதும் அவர்தான். பரீட்சகர் மூன்று மைசூர்பா தின்று, நெய்க் கையைத் துடைக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்தக் கறை என் தேர்ச்சி அறிக்கையில் இன்றும் இருக்கிறது. பார்க்கவே அருவருப்பு.

இரண்டு வருடம் கழித்து, ஈரோட்டுக் கல்லூரியில் என்னைப் பார்க்க ரூபன் ஒரு கட்டுத் தாளோடு வந்தார்.

"உங்க தேற்றத்து மேலயே கட்டுங்கன்னு சார் சொன்னாருங்க மேடம். லீவு நாளெல்லாம் இதுதான். நாலு அத்தியாயம் முடிச்சுபோட்டேனுங்க!"

ரங்கராஜுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே சொல்லியிருக்கிறார். மானங்கெட்ட மனுஷன். ஆனால் அந்தத் தேற்றத்தின் மேல் இருந்த பெயர் என்னுடையது.

நாலு புள்ளி வைத்தேன், நாலு அம்பு போட்டேன், பக்கத்தில் அணியை எழுதினேன். ரூபன் உதடு அசைய வரிசைகளைக் கூட்டினார். இன்னொரு முறை கூட்டினார். நிமிர்ந்தார்.

"இது உங்களுக்கு எப்பங்க மேடம் தெரியும்?"

"வைவாவுக்கு முந்தின நாளுங்க."

ரூபன் தாள்களை ஓரம் தட்டி அடுக்கிக் கட்டினார். நான் வரவழைத்திருந்த டீயைத் தொடாமல் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.