மூடிய அறையில் படச்சுருள்

விடிவதற்கு முன்பே அந்த அறையில் வேலை சூடு பிடித்துவிட்டது. பழைய கார்ட்டூன் தொடர் ஒன்றைப் புது டிவிகளுக்கு ஏற்றபடி பளிச்சென்று ஆக்கித் தர வேண்டும். ஐந்து பெண்கள் மருந்தில் நனைத்த துணியால் படச்சுருளைத் துடைத்தார்கள். மூலையில் புள்ளியக்கா கணினித் திரையில் ஒவ்வொரு படமாக நிறுத்தி, மிஞ்சிய தூசுப் புள்ளிகளை அழித்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடிக் காட்சிக்கு இருபத்துநான்கு படம். அழித்து அழித்தே அவளுக்கு அந்தப் பெயர் வந்தது.

மருந்து நெடியில் தொண்டை கமறியது. சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் சும்மா நின்றது. ஓடினால் தூசு கிளம்பிச் சுருளில் ஒட்டுமாம், முதலாளி ஒயரையே பிடுங்கச் சொல்லிவிட்டார். சுருளுக்கு உள்ள மரியாதை மனுஷ மூச்சுக்கு இல்லை. நேற்று, துடைத்துக்கொண்டிருந்தவர்களில் சின்னவள், எல்லோரும் தங்கச்சி என்று கூப்பிடுபவள், நின்ற இடத்திலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றார்.

“புள்ளி, மூணாம் பாகத்துல ராத்திரி வானம் வருதே, பாத்தியா? ஒரு நட்சத்திரம்கூட இல்ல. தூசுன்னு அத்தனையும் அழிச்சு வெச்சிருக்க.”

அவள் அந்தக் காட்சியைத் திரையில் ஓட்டிப் பார்த்தாள். உண்மைதான். நேற்று தலை கிறுகிறுத்து, வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் அழித்திருக்கிறாள்.

“நட்சத்திரத்த நான் மறந்துடறேன்.” ஒரு தாளை நீட்டினார். “இதுல கையெழுத்துப் போடு. ஃபேன் ஓடிச்சு, அந்தப் பொண்ணு சாப்பிடாம வந்து மயங்கிடுச்சு. அவ்ளோதான்.”

வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிப்பது இவள் ஒருத்தி. பேனாவை வாங்கினாள்.

“அவ என்கூடத்தான் சாப்பிட்டா சார். என் டப்பாவுலேருந்து.”

“உன்ன யாரு கேட்டா? போடு.”

“நட்சத்திரத்த அழிச்சது நான்தான், ஒத்துக்கறேன். ஃபேன் ஓடிச்சுன்னு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்போ கிளம்பு.”

துணி உரசும் சத்தம் நின்றது. துடைத்த சுருளைக் கணினியில் ஏற்றும் ஸ்கேனர் அண்ணன் இயந்திரத்தை அணைத்தார். அவர் முதலாளியின் அக்கா மகன், இதுவரை வாயே திறக்காதவர்.

“ஒயரப் பிடுங்கினது நான் மாமா. நீங்க சொல்லித்தான் பிடுங்கினேன். யாரு கேட்டாலும் சொல்லுவேன்.”

பெண்கள் கையுறைகளைக் கழற்றி மேஜையில் போட்டார்கள். புள்ளியக்காவோடு எல்லோரும் வெளியே வந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமா, தெரியாது. தங்கச்சி பிழைப்பாளா, அதுவும் தெரியாது. பயம் எல்லோருக்கும் இருந்தது.

“யாராவது ஒருத்தி உள்ள வாங்க, இரட்டைச் சம்பளம்!” என்று முதலாளி தன் அறை ஜன்னலிலிருந்து கத்தினார்.

ஒருத்தி முந்தானையை உதறிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் அவளை ஒட்டி உட்கார, வாசலில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.