நான்கு விரல் உயரம்

சைக்கிள் வாங்கிய அன்றே என் கணவர் அதன் சீட்டை இறக்கிவிட்டார். கடைக்காரர் என்னை ஏறி உட்காரச் சொல்லி, பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்கும்படி பார்த்துத்தான் முடுக்கித் தந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் இவர் ஸ்பானரோடு குந்தினார். "உக்காந்தா ரெண்டு காலும் தரையில படணும். கடைக்காரனுக்கு என்ன, விழப்போறது அவனா?" என்றபடி நான்கு விரல் அளவு இறக்கினார். வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அவர் இறக்கியதைவிட, நான் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நான் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் மெழுகு வார்த்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, ஈறு செதுக்குவது என் வேலை. ஒன்பது வருடமாக மெழுகு மேசை என்னுடையது. முன்பல் ஒன்று இம்மி கோணினால்தான் ஒருவருடைய சிரிப்பு அவருடையதாகவே இருக்கும் என்று நான் முடிவு செய்தால், பட்டறையில் அது செல்லும். வீட்டில் எந்தத் திரைச்சீலை மாட்டுவது என்பதில்கூட என் சொல் இரண்டு சுற்று சுற்றி வந்துதான் செல்லும். அந்த மேசையை விட்டால் எனக்கென்று உலகத்தில் இரண்டடிக்கு மூன்றடி இடம் கிடையாது.

போன மாதம் வரை பத்து நிமிட நடை. முதலாளி வாடகை கட்டுப்படியாகவில்லை என்று பட்டறையை ஊருக்கு வெளியே மாற்றினார். பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு பஸ் மாறினால் எட்டரைக்குத்தான் போக முடியும். வேலை தொடங்குவது எட்டுக்கு. கணவரின் வண்டி எதிர்த்திசையில் போகும். தெருமுனை மருந்துக்கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று அவர் மூன்று முறை சொன்னார். நான் சைக்கிள் என்றேன். சிரித்தார். பிறகு, என் பிடிவாதத்துக்குத் தானே விட்டுக்கொடுப்பதுபோல, கூடவே கடைக்கு வந்தார்.

முதல் வாரம் ஐந்து நாளும் தாமதம். ஒருநாள்கூட ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையவில்லை. மேம்பாலத்தில் நான் இறங்கித் தள்ளும்போது, சைக்கிள் பின்னால் இரண்டு கேஸ் சிலிண்டர் கட்டிய ஆள், விசிலடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். முழங்கால் இரண்டும் உள்ளுக்குள் மணல் கொட்டியதுபோல அரைத்தன. பட்டறைக்கு வந்தால், கைப்பிடியை இறுக்கிய விரல்கள் அரை மணி நேரம் நடுங்கும். மெழுகுக் கத்தி பிடிக்க முடியாது.

பாலிஷ் மேசையில் இருக்கும் தம்பிக்கு வாய் நீளம். "அக்கா, சைக்கிள ஓட்டிட்டு வந்தீங்களா, தூக்கிட்டு வந்தீங்களா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் அவன் வீடு. மெழுகு மேசைமேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண் என்பதும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. பன்னிரண்டு மணிக்கு டாக்டர்களுக்குப் பெட்டி போயாக வேண்டும், நான் எட்டரைக்கு வந்து ஒன்பதுக்குக் கத்தி எடுத்தால் எப்படி என்றார். திங்கள் முதல் தம்பி மெழுகு மேசைக்கு, நான் அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்க. "உங்க வீட்டுக்காரரும் சொன்னாரும்மா, உங்களுக்கு முடியலன்னு."

அவர் எப்போது சொன்னார் என்று கேட்டேன். புதன்கிழமை போன் செய்தாராம். புதன்கிழமை ராத்திரிதான் என் முழங்காலுக்கு எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டார். "சொன்னா கேக்கறியா" என்று அவ்வளவு இதமாகச் சொன்னார், எனக்குக் கண்கூடக் கலங்கியது.

அன்று மதியம் ஒரு பல்செட் சரிசெய்ய வந்தது. வேறொரு பட்டறை செய்தது. போட்டுக்கொண்டவருக்குக் காதோரம் தாங்க முடியாத வலி என்று டாக்டர் எழுதியிருந்தார். தாடைபோலத் திறந்து மூடும் கருவியில் மாட்டிப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உயரம் பற்றவில்லை. பல் தாழ்ந்திருந்தால் தாடை மடங்கவேண்டிய அளவுக்கு மேல் மடங்கும். வலி பல்லில் வராது, மூட்டில் வரும். மூன்று மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதும்போதே கை நின்றுவிட்டது.

மூட்டு. அளவுக்கு மேல் மடங்குகிற மூட்டு.

ஊரார் தாடைக்கெல்லாம் அரை மில்லிமீட்டர் பார்க்கிறவள், என் முழங்காலின் உயரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஐந்து நாள் மிதித்திருக்கிறேன்.

தம்பியிடம் ஸ்பானர் கேட்டேன். எதற்கு என்றான். சீட்டை ஏற்ற என்றேன். ஸ்பானரை நீட்டியவன் பிடியை விடாமல், "அப்ப திங்கக்கிழமை நான் எங்க உக்கார்றது?" என்றான். அதில் பாதிதான் கேலி.

நான்கு விரல் ஏற்றினேன். நிற்கும்போது நுனிக்கால்தான் தரையில் பட்டது. முதல் சிக்னலில் ஒருமுறை சாயப் பார்த்தேன். மேம்பாலத்தில் இறங்கித் தள்ளவில்லை. ஐம்பத்திரண்டு நிமிடத்தில் வீடு.

கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். கண் நேராகச் சீட்டுக்குப் போனது.

"முட்டி வலின்னு தினமும் சொன்னேன்ல? ஒரு தடவையாவது சீட்ட நினைச்சீங்களா?"

"விழுந்துடக் கூடாதுன்னுதான்."

"நினைச்சீங்களா, இல்லையா?"

செருப்பை ஓரமாகத் தள்ளினார். "நினைச்சேன்."

"அப்புறம்?"

"ரெண்டு வாரத்துல நீயே விட்டுடுவேன்னு விட்டுட்டேன்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என்னமோ குழாய் ஒழுகுகிறது என்பதுபோலச் சொன்னார். எண்ணெய் தேய்த்த அதே விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே வலிக்கிறது, ஏன் வலிக்கிறது, எல்லாம் தெரிந்தே தேய்த்த விரல்கள். பதினான்கு வருடத்தில் இன்னும் எதையெல்லாம் இப்படி இறக்கிவைத்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டிருப்பார்? நானும் எதையெல்லாம் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்?

போன் செய்ததைப் பற்றியும் கேட்டேன். உன் நல்லதுக்குத்தான் என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தச் சாலையில் காலையில் ஒருமுறை போய்வந்தேன். எந்த சிக்னல் நீளம், எந்த இடத்தில் லாரி ஒதுக்கும் என்று மனப்பாடம் ஆனது.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குப் பட்டறைக்குள் நுழைந்தேன். தம்பி எனக்கு முன்பே மெழுகு மேசையில் உட்கார்ந்திருந்தான். என் கத்திகளை வரிசை மாற்றி அடுக்கியிருந்தான். முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு வந்துட்டீங்க. சரி, ஒரு வாரம் பிளாஸ்டர் கலக்குங்க. தினமும் இப்படி வர்றீங்களான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"ஒன்பது வருஷம் பாத்திருக்கீங்க சார். தாமதமானது ஒரு வாரம். நாளைக்கு எட்டு மணிக்கு நான் இங்க இல்லன்னா நீங்க சொல்லவே வேணாம், நானே பிளாஸ்டர் கலக்கறேன். இன்னிக்கு இது என் மேசை." மூச்சு விட்டுக்கொண்டேன். "இன்னொண்ணு. எனக்கு முடியுமா முடியாதான்னு என்னைக் கேளுங்க. வீட்டுலேர்ந்து போன் வந்தா எடுக்காதீங்க."

முதலாளி டீயை முடித்துவிட்டு, தம்பியைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். அவன் எழுந்தான். இந்த முறை ஜோக் எதுவும் வரவில்லை.

உட்கார்ந்து, கத்திகளை என் வரிசைக்கு மாற்றினேன். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். பன்னிரண்டு மணிக்குப் பெட்டி போயாக வேண்டும். கத்தியைச் சுடவைத்து, அந்தக் காதோர வலிக்காரரின் பற்களைத் தூக்கி நட ஆரம்பித்தேன்.