பிரைமர் காய்வதற்குள்

சுரண்டியின் முனை பட்ட இடத்தில் பழைய டிஸ்டம்பர் உப்பிப் பெயர்ந்து என் கால்மேல் உதிர்கிறது, மஞ்சளுக்குக் கீழே ஒரு வெளிர்பச்சை, பச்சைக்குக் கீழே வீடு கட்டிய வருடம் அடித்த வெள்ளை, அதற்கும் கீழே சிமெண்ட், இவ்வளவு ஆழம் போக வேண்டியதில்லை, உரியறத மட்டும் எடுங்க, புடிச்சிருக்கறது இருந்துட்டுப் போகட்டும் என்றுதான் பெயிண்ட் கடைக்காரர் சொல்லி அனுப்பினார், கைதான் நிற்கமாட்டேன் என்கிறது, புதன்கிழமை காலையில் இந்த வேலையைத் தொட்டேன், கிரில் கேட்டுக்கும் நிலைக்கதவுக்கும் நடுவே பத்தடி நீளம்கூட இல்லாத நடை, இரண்டு பக்கமும் இரண்டு சுவர், ஆள் வைத்தால் இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போவார்கள், எதுக்கு நீங்களே மாரடிக்கறீங்க என்று சாந்தாமணி கேட்டாள், என் மனைவி, கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தவள் பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள், அவளுக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை என் தம்பி போன் பண்ணினான், ஞாயித்துக்கெழம வர்றேண்ணா, வீட்டுக்கு வர்றேன் என்றான், வீட்டுக்கு என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு ஐந்து வருடம் ஆகிறது, எப்போது வருவாய், பஸ்ஸிலா ரயிலிலா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டான், அன்று முழுக்க இந்த நடையில்தான் நடந்துகொண்டிருந்தேன், கேட்டிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து கேட்டுக்கு, அப்போதுதான் இடது பக்கச் சுவரில் அந்தக் கறை கண்ணில் பட்டது, ஓர் ஆள் தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் எவ்வளவு உயரத்தில் எண்ணெய் ஏறுமோ அவ்வளவு உயரத்தில், சாந்தாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன், எனக்கொண்ணும் தெரியலீங்க, செவுரு எல்லாப் பக்கமும்தான் அழுக்கா இருக்குது என்றாள், அவன் இந்தச் சுவரைப் பார்க்கக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை விரிசல்களை அடைத்துப் பட்டி பூசினேன், தகட்டால் இழுக்க இழுக்க வெண்ணெய்போல் பரவியது, வெள்ளிக்கிழமை உப்புத்தாளால் தேய்த்தேன், நடை முழுக்க வெள்ளைத்தூசி, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு தேய்க்கிறேன், துண்டு கட்டிய முகத்தோடு இந்தக் கதவுக்கு உள்ளே நிற்கிறேன், இது அந்த மே மாதம், ஊரடங்கு, மத்தியானம் மூன்று மணி, ராசிபுரம் மொத்தமும் ஆள் அரவமில்லாமல் வெயிலில் கிடக்கிறது, கிரில் கேட் பூட்டாமல் இருந்திருக்கிறது, நடைக்குள் யாரோ வந்து உட்காரும் சத்தம், ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் தம்பி செங்கோடன், சென்னையில் அச்சகத்தில் வேலை பார்த்தவன், அச்சகம் மூடி ஒன்றரை மாதம், காய்கறி லாரியில் ஏறிச் சேலம் வந்து, அங்கிருந்து நடந்தும் யார் வண்டியிலோ தொற்றியும் வந்திருக்கிறான், தோளில் பை, காலில் ஒரு செருப்பு அறுந்து கயிற்றால் கட்டியிருக்கிறது, அண்ணா என்கிறான், சுவரில் தலையைச் சாய்த்தபடியே, நான் கதவைத் திறக்கவில்லை, உள் அறையில் அம்மா, எழுபத்து நான்கு வயது, சர்க்கரை, மூச்சிரைப்பு, சென்னையிலிருந்து வந்தவர்களால் அடுத்த தெருவில் இரண்டு வீட்டில் ஆள் போய்விட்டது, நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் இடம் கொடுக்கிறார்கள், பதினைந்து நாள் அங்கே இருந்துவிட்டு வா என்று சொல்கிறேன், தண்ணி குடுண்ணா என்கிறான், கதவை ஒரு சாண் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்து ஒட்டடைக் குச்சியால் அவன் பக்கம் தள்ளுகிறேன், குச்சியால் தள்ளினேன், கையால் உருட்டியிருக்கலாம், அது கொஞ்சம் உருண்டு அவன் முழங்காலில் முட்டி நின்றது, அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் குடித்தான், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனான், கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.

கனவில் அவன் போவதில்லை, கனவில் சில நாள் கதவு தானாகத் திறக்கிறது, அவன் உள்ளே வந்து அம்மாவின் கட்டிலில் உட்காருகிறான், சில நாள் வெளியே உட்கார்ந்திருப்பது நான், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் துண்டு கட்டிய முகம் எனக்கு எதுவோ சொல்கிறது, எதுவும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அவனை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டான், பிழைத்தவன் இங்கே வராமல் திரும்பவும் சென்னைக்கே போய்விட்டான், போனில் அம்மாவிடம் மட்டும் பேசினான், இரண்டு வருடம் கழித்து அம்மா போனபோது நேராகச் சுடுகாட்டுக்கு வந்தான், இளைய மகன் என்பதால் கொள்ளி அவன்தான் வைக்க வேண்டும், வீட்டிலிருந்து சட்டியை நான் தூக்கிப்போய் அவன் கையில் கொடுத்தேன், விரல்கள் பட்டன, அவன் என்னைப் பார்க்கவில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டான், வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இன்று சனிக்கிழமை, சுவரை ஈரத்துணியால் துடைத்துத் தூசி போக்கி, அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமரில் அளவாகத் தண்ணீர் கலந்து, வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கம் பாதி ஏறிவிட்டேன், சாந்தாமணி நாளைய சமையலுக்கு வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறாள், ரோலர் மேலே போகிறது, கீழே வருகிறது, சுவர் ஈரத்தில் சாம்பல் நிறமாகி, காயக் காய வெளுக்கிறது, அப்போது கேட் திறக்கும் சத்தம், சாந்தாமணிதான் என்று திரும்பாமலே நான், பையை இங்க வெக்காத, பெயிண்டு தெறிக்கும் என்றேன், திரும்பினால் அவன், தலை பாதி நரைத்திருந்தது, ஒருநா முன்னாடியே கெளம்பிட்டேண்ணா, அங்க இருக்க முடியல என்றான், நான் ரோலரைப் பிடித்தபடி நிற்கிறேன், ஐந்து வருடமாக எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை, கடைசியில், என்னை மன்னிச்சிர்றா செங்கோடா என்று மட்டும் வந்தது, அன்னிக்கு நான் கதவத் தெறந்திருக்கோணும்.

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்கிற மாதிரி, பையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே ஓரடி வந்தான், அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இருந்துச்சுண்ணா என்றான், லாரியிலயே ஆரம்பிச்சிருச்சு, யாரும் எறக்கி உட்டுறக் கூடாதுன்னு மாத்தரயப் போட்டுக்கிட்டு வந்தேன், என்ன நோவுன்னு தெரியும், தெரிஞ்சேதான் வந்தேன், அம்மாவப் பாத்துட்டாப் போதும்னு இருந்துச்சு, நீ தெறந்திருந்தீன்னா நான் உள்ள வந்திருப்பேன், அவ பக்கத்துல போய்ப் படுத்திருப்பேன். இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எப்படி இங்க வர்றதுன்னுதான் அஞ்சு வருசமா வரலண்ணா. அவன் சொல்லி முடித்தபோது ரோலரிலிருந்து பிரைமர் சொட்டி என் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது, எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, அவனுக்குக் காய்ச்சல் என்று எனக்கு அன்று தெரியாதே, தெரியாமல்தானே சாத்தினேன், நல்லதாகப் போனதற்கு நான் பொறுப்பில்லையே, இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கேட்டான், அம்மாவுக்கு நான் வந்தது தெரியுமா, போன்ல அவகிட்ட நான் அதச் சொன்னதேயில்ல.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் அதோடு முடிந்திருக்கும், ஆனால் ரோலரைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னேன், அன்று சாயங்காலம் வெளியே யார் என்று அம்மா கேட்டாள், யாருமில்லை என்றேன், மறுநாள் காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், வந்தவன் சாப்பிட்டானா என்று கேட்டாள். செங்கோடன் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நீ என்னண்ணா சொன்ன என்றான். சாப்பிட்டான்னு சொன்னேன் என்றேன், இதை நான் சாந்தாமணியிடம்கூடச் சொன்னதில்லை.

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை, அவன் முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சுவர்களில் பட்டுவிடாமல் உடம்பை ஒடுக்கி நடையைக் கடந்து, என்னையும் கடந்து, உள்ளே போனான், அம்மாவின் அறை வாசலில் ஒரு கணம் நின்று பார்த்தான், பிறகு சமையலறையில் தட்டம் ஒன்று எடுக்கும் சத்தம், சோற்றுக் குண்டானின் மூடியைத் திறக்கும் சத்தம், மோர் எங்க வெச்சிருக்கீங்கண்ணா என்று அங்கிருந்தே கேட்டான், வெள்ளை அப்பிய கைகளை எதிலும் துடைக்கத் தோன்றாமல் நான் உள்ளே போனேன், இடது பக்கச் சுவர் பாதியிலேயே நிற்கிறது, இவ்வளவு நேரம் விட்டால் கோடு விழுந்துவிடும், நாளை இன்னொரு கை அடிக்க வேண்டும்.