கறிக்கடைக்காரரின் புது வாணலி

எதிர்வீட்டு லாரி டிரைவர் பர்கரைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கறிக்கடைக்காரர் அடுப்படி வாசலில் நின்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவருக்குத் தெருவில் எலும்பு என்று பெயர். ஆள் ஒல்லியெல்லாம் இல்லை, மலை மாதிரி இருப்பார். தட்டில் எலும்பைக்கூட மிச்சம் வைக்கமாட்டார், அதனால் வந்த பெயர். அப்பேர்ப்பட்ட நாக்கு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

“கறி இளசா இருக்கு. எந்தக் கடையிலண்ணே வாங்கினீங்க?”

காளானும் பீட்ரூட்டும் ராஜ்மாவும்தான் என்று கறிக்கடைக்காரர் சொன்னதும் எலும்பு ரொட்டியைத் தூக்கி உள்ளே பார்த்தார், மோந்து பார்த்தார். யாருகிட்ட காது குத்துறீங்க என்று சிரித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார். கறிக்கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளை மதியம் மகள் சாப்பிட வருகிறாள்.

கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டார். ஆனாலும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. மகள் காலேஜ் படிக்கும்போதே கறியை விட்டவள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கறி விற்கிறவன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளையா என்று கடைக்கு வந்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்ததோடு சரி. அவளுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி எல்லாம் வைத்துப் பார்த்துக்கொண்டது அவள் அம்மாதான். அம்மா போன பிறகு அந்தச் சட்டி எங்கே போனதென்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மகள் ஊருக்கு வந்தாலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். வீட்டுக்கு வாயேன் என்றதற்கு ஒருமுறை சொன்னாள், நம்ம வீட்டு ஏனம் பாத்திரத்துல எல்லாம் கறி வாசனைப்பா என்று. பாவம், குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது நெஞ்சிலேயே நின்றுவிட்டது. தினமும் போன் பண்ணுவாள். சாப்பிட்டீங்களாப்பா என்பாள், ஆச்சும்மா என்பார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அவள் வீட்டு மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பார். அந்த மகள்தான் தானாகவே, ஞாயித்துக்கிழமை அங்கேயே சாப்பிடுறேன் என்றிருக்கிறாள்.

மனுஷன் கடைத்தெருவுக்கு ஓடினார். புது வாணலி, புதுக் கத்தி, புதுப் பலகை. சின்னப் பிள்ளையில் பர்கர் என்றால் உயிரை விடுவாள், அதையே செய்துவிடலாம் என்று முடிவு. முதலில் செய்தது வாணலியில் பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்தது களி. அப்புறம்தான் தொழில் புத்தி வேலை செய்தது. கறியில் தண்ணீர் நின்றால் வறுபடாது, வேகும். காளானுக்கும் அதே நியாயம்தானே? பொடியாக நறுக்கி, தண்ணீர் சுண்டிக் கறுக்கிற வரைக்கும் வதக்கினார். ராஜ்மாவில் பாதியை மசித்து, பாதியைப் பல்லில் படுகிற மாதிரி விட்டார். கொழுப்பில்லாத கறி செருப்பு என்று கடையில் வாய் ஓயாமல் சொன்னவர், உறையவைத்த தேங்காய் எண்ணெயைத் துருவிச் சேர்த்தார். நிறத்துக்கு பீட்ரூட். தட்டி ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, போட்ட பிறகு கரண்டியால் அமுக்காமல் ஒரு பக்கம் மொறுமொறுப்பாகிற வரை பொறுத்திருந்தார். கடித்தால் சிவப்பாகச் சாறு இறங்கியது. தனியாக நின்று சிரித்துக்கொண்டார்.

மறுநாள் மகள் வந்தாள். வாணலியைப் பார்த்தாள், விலைச்சீட்டு பாதி ஒட்டிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தாள், எனக்காகவாப்பா என்றாள். அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஒரு கடி. இரண்டு மென்றாள். வாய் நின்றது. விரலிடுக்கில் சிவப்பாக ஒழுகியதைப் பார்த்தாள். எழுந்துபோய்த் தொட்டியில் துப்பிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

“சத்தியமா கறி இல்லம்மா. எல்லாம் புதுசு. சட்டிகூடப் புதுசு.”

“தெரியும்ப்பா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கறி கிடைக்காம நான் விடலப்பா. அந்த ருசி வேணாம்னுதான் விட்டேன்.”

கறிக்கடைக்காரருக்கு உடம்பே கூசிப்போனது. அடக் கடவுளே, எலும்பின் நாக்குக்கா சமைத்தோம்? ஊரில் இருக்கிற கறிப்பிரியர்களையெல்லாம் திருப்திப்படுத்துகிற சாமானைச் செய்து, வேண்டாம் என்று ஓடியவள் முன்னால் வைத்திருக்கிறோம். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தார். பர்கருக்கு அப்புறம் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. எல்லாம் அவள் அம்மாவுக்குத் தெரியும். அவரும் அதே வீட்டில்தான் இருந்தார்.

“நீ என்னம்மா சாப்பிடுவ?” என்று கேட்டார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். உருளைக்கிழங்கு இருக்கா என்றாள். இருந்தது. தோலைச் சீவி அவர் வெட்ட, துண்டு ஒவ்வொன்றும் கடையில் எடை போடுகிற அளவுக்கு விழுந்தது. சின்னதா வெட்டுங்கப்பா என்று கத்தியை வாங்கிக்கொண்டாள். வெறும் உப்பும் மிளகும் போட்டு வதக்கி, அடுப்படியில் நின்றபடியே வாணலியிலிருந்து எடுத்துத் தின்றாள். அம்மாவும் பெண்ணும் இப்படித்தான் நின்று தின்பார்கள். கூடத்தில் உட்கார்ந்து அவர் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறார். இன்று அவருக்கும் ஒரு துண்டு நீட்டினாள். சப்பென்று இருந்தது. நல்லா இருக்கு என்றார்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினாள். மறுபடி எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த வாணலில வேற எதையும் போட்டுடாதீங்கப்பா.”

பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். மிச்சமிருந்த பர்கரைப் பழைய சட்டியில் சூடு பண்ணிக் கூடத்தில் உட்கார்ந்து தின்றார். எதிர்வீடு பூட்டியிருந்தது, எலும்பு லாரியோடு போயிருந்தார். கறியேதான், துளிகூடக் குறை சொல்ல முடியாது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. எழுந்து புது வாணலியைக் கழுவித் துடைத்தார். ஜன்னலோரம், மற்ற ஏனங்கள் எதுவும் தொடாத இடமாகப் பார்த்து, நடுங்கும் கையால் சுவரில் ஒரு ஆணி அடிக்க ஆரம்பித்தார்.