வெளியேறிய நேரம்

"ஏய் ஜன்னல் சீட்டு! எங்கம்மா போயிட்டே இத்தனை நாளா?"

மினி பஸ் டிரைவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் இந்த நகரத்துக்கு வந்தே இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வழி கேட்ட மூன்று பேரும் மூன்று திசையில் கை காட்டியிருந்தார்கள். வெயிலில் சுற்றி, எரிச்சலின் உச்சத்தில், பாலத்தடியில் நின்றிருந்தேன். அக்கா அங்கேதான் வண்டி ஏறுவாள் என்று தெரியும். எங்களுக்குள் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். உரித்து வைத்த மாதிரி ஒரே முகம். வாயைத் திறந்தால்தான் ஆள் வேறென்று தெரியும். அதனால் வாயைத் திறக்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

என்னிடம் முகவரி இல்லை. ஒன்பதாவது மாடியில் ஒரு வீட்டில் வேலை என்பதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை. முப்பத்தெட்டு நாளாக அவளிடமிருந்து போனும் இல்லை. அக்கா முன்பு கொடுத்திருந்த எண்ணில் அந்த வீட்டு அம்மா ஒரே ஒரு முறை எடுத்தாள். "அன்னைக்கு மத்தியானமே கிளம்பிப் போயிட்டா. அப்புறம் நடந்தது எனக்கென்ன தெரியும்?" முகவரி கேட்டதும் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டாள். எங்கள் ஊர் ஸ்டேஷனில் புகாரை வாங்கவே இல்லை. "வயசுப் பொண்ணு, யாரோடயாவது போயிருக்கும்" என்றார் ஒருவர், பல் குத்திக்கொண்டே. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மனுவில் ஒரு பிழை கிடையாது. ஒரு மண்ணுக்கும் உதவவில்லை.

வண்டி பாலம் ஏறி இறங்கியது. கடைவீதி, ஆஸ்பத்திரி, தண்ணீர் லாரிகள் நிற்கும் சந்து, பிறகு திடீரென்று ஆளே இல்லாத அகலத் தெருக்கள். ஜன்னல் கம்பியில் ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்திருந்தது. அங்கே கை வைக்கப் பயமாக இருந்தது. நான் எதுவும் சொல்லாமலே டிரைவர் ஒரு பெரிய கேட் முன்னால் நிறுத்தினார்.

"இறங்கு தாயே, இன்னைக்கும் லேட்டு."

கேட்டுக்குள்ளிருந்த காவலாளிக்கும் சந்தேகமே வரவில்லை. "வாம்மா ஒன்பதாவது மாடி! உன்னால நான் வாங்குற திட்டு கொஞ்சநஞ்சமில்ல." வேலையாட்கள் கையெழுத்துப் போடும் நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பின்னோக்கிப் புரட்டினார். அக்காவின் சாய்ந்த எழுத்து. என்னைப் படிக்க வைக்க எட்டாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து. உள்ளே வந்த நேரம், காலை எட்டுப் பத்து. வெளியேறிய நேரம் என்ற கட்டம் காலி.

"இதுல ஒரு கையெழுத்தைப் போடு. மத்தியானம்னு போட்டுக்க. அந்தம்மா என்னையே எழுதச் சொன்னாங்க. நான்தான், ஆள் வரட்டும், அவ கையாலயே போடட்டும்னு விட்டுட்டேன்."

பேனாவைக் கையில் திணித்தார்.

"நான் போனதை நீங்க பாத்தீங்களா?" என் குரல் எனக்கே அக்காவின் குரலாகக் கேட்டது.

"எங்க பாத்தேன்? இருக்கிறது இந்த ஒரே கேட்டு. அன்னைக்கு என்னை மாத்த ஆள் வரல. ராத்திரி வரைக்கும் நகரல, சோறுகூட இங்கயேதான். எப்படித்தான் நழுவினியோ, பூனை மாதிரி!" சிரித்தார்.

இந்த ஊரில் எங்கள் பக்கம் பேச அந்தக் காலிக் கட்டம் ஒன்றுதான் இருந்தது. நோட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"ஏய், குடும்மா அதை. விளையாடாதே."

அவர் கை நீட்டும்போது இன்டர்காம் அடித்தது. எடுத்தார். "சொல்லுங்கம்மா… ஆமாங்க, கேமராவுல தெரியுறது அந்தப் பொண்ணுதான். வந்துடுச்சு… ஹலோ? அம்மா?" ரிசீவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பேச்சையே காணோம். நீயே பேசு."

காதில் வைத்தேன். மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தாம்மா" என்றேன். "மேல வரட்டுமா?"

அந்தப் பக்கம் ரிசீவர் எதிலோ மோதி விழுந்தது. அண்ணாந்து மாடிகளை எண்ணினேன். ஒன்பதாவதில் ஒரு கை, ஒவ்வொரு ஜன்னலாகத் திரையை இழுத்து மூடிக்கொண்டே போனது.